வினாவும் வியப்பும்



பழைய மாணவர்கள் பாடசாலை அதிபரைத் தேடி வருவது புதிதன்று. நற்சான்றுப் பத்திரம் வேண்டி வருவர். தம்பி தங்கையரைச் சேர்ப்பதற்காக வருவர். கலியாண அழைப்பிதழோடு வருவர். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்த இளைஞரோ, கலியாணத்துக்கு முந்திய ஒரு காரியத்துக்காக வந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றிற் பணிபுரிபவர் அவர்.

"ரீச்சர், ஒருவரைக் கலியாணம் செய்யச் சம்மதமா என்று கேட்கப் போகிறேன். அவர் சற்றும் எதிர்பாராத விதமாகக் கேட்க வேண்டும். நீங்கள்தான் ஒரு யோசனை சொல்ல வேண்டும்" என்றார்.

யார் என்று வினவினேன். பெயரைச் சொன்னார். அப்பெண்ணும் என்னிடம் கற்றவரே. இருவரும் சில காலமாகப் பழகி வருகின்றனர் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

யோசனை கேட்டு வந்தவர் கையிலே திட்டம் ஆயத்தமாகவே இருந்தது. அவர் வேண்டி வந்தது யோசனையன்று, பாராட்டே என்பது சிறிது நேரத்திற் புலனாயிற்று. திட்டம் இதுதான். திமிங்கிலம் பார்க்கப் போவதாகச் சொல்லி, விடியற்காலையில் அப்பெண்ணைப் படகில் ஏற்றிக் கொள்வது. திரும்பும் வழியில், காலை வெயில் பாறையின் முகத்தில் விழும் நேரமாகப் பார்த்து, படகைச் சுவாமி மலையின் அடிவாரத்துக்குக் கொண்டு வருவது. மேலே பாறை விளிம்பில் நிற்கும் நண்பர்கள் பெரிய சீலை ஒன்றை விரிப்பது. கேள்வி அதில் எழுதப்பட்டிருக்கும். இவர் படகில் முழந்தாளிட்டு மோதிரத்தை நீட்டுவது. மற்றொரு படகிலிருந்து ஒருவர் அனைத்தையும் படம் பிடிப்பது. அந்தப் படம் அன்று மாலையே ஊரறிய, உலகறிய வெளியாவது.

நான் உடனே ஒன்றும் பேசவில்லை. காரணம், அப்பெண்ணின் அண்ணனை நான் அறிவேன். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, இத்தீவில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போன கடல், நிலாவெளிக் கரையில் அந்தச் சிறுவனையும் கொண்டு போயிற்று. அன்று முதல் அவர் தங்கை கடலைப் பார்ப்பதுண்டு, கடலில் இறங்குவதில்லை.

"இது உமக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் ரீச்சர். இந்த மகிழ்ச்சியில் அந்தப் பயமும் போய்விடும் என்று நினைத்தேன்" என்றார்.

அவர் உள்ளத்திற் கள்ளமில்லை. ஆயினும் அந்த விடை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். திருமணத்துக்கு உடன்பாடு கேட்கும் முறை யாது? அதிலே வியப்புக்கு எவ்வளவு இடமுண்டு?

நேயர்களே, முழந்தாளிட்டு மோதிரம் நீட்டுவது மேனாட்டு வழக்கு என்று சொல்லி, நமக்கு இதிலே பேச ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. காதலைத் தெரிவிக்கும் முறைகளைத் துறை துறையாக வகுத்து இலக்கணம் செய்தவர் நம் முன்னோர். சங்க காலத் தலைவன் வெறுங்கையோடு வருவதில்லை; தழையும் பூவுமாகிய கையுறையோடு வருகிறான். அதையும் தலைவியிடம் நேரே நீட்டுவதில்லை. தோழி வாயிலாக விண்ணப்பிக்கிறான். தோழி அதனை உடனே வாங்கிவிடுவதுமில்லை. இது எங்கள் மலையிலும் உண்டு, இது எமக்கு ஏலாது என்று மறுக்கிறாள். 'கையுறை மறுத்தல்' என்று அதற்கொரு துறையே அமைந்திருக்கிறது. ஏற்பதற்கு மட்டுமன்றி மறுப்பதற்கும் இலக்கியத்தில் இடம் ஒதுக்கிய நாகரிகம் நம்முடையது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

அதே இலக்கியத்தில் மற்றொரு வழக்கமும் பேசப்படுகிறது. அது மடலேறுதல். விரும்பிய பெண்ணை அடைய இயலாத தலைவன், பனை மடலாற் குதிரை செய்து, எருக்கம் பூ மாலை சூடி, அவள் உருவை எழுதிய சீலையைக் கையிலே பிடித்து, ஊர் நடுவே தெருவில் வருவான். ஊர் கூடும், பேச்சு எழும், அந்தப் பேச்சுக்கு அஞ்சிப் பெண் வீட்டார் இணங்குவர் என்பது எதிர்பார்ப்பு. தலைவன் 'மடலேறுவேன்' என்று வாயாற் சொல்வதை அகத்திணையில் ஏற்ற மரபு, உண்மையிலே ஏறிய மடலை ஏற்கவில்லை. தொல்காப்பியர் அதனைப் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையிலே சேர்த்துவிட்டார். ஏன்? ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்பது கேள்வியாகாது, நெருக்குதலாகும். அவ்வாறு பெற்ற இசைவு, அவள் மனத்திலிருந்து வந்ததா, ஊர்வாய்க்கு அஞ்சி வந்ததா என்று எவராற் கூற முடியும்?

அன்று பனை மடல், இன்று படக்கருவி. அன்று உருவெழுதிய சீலை. இன்று பாறையில் விரிக்கும் சீலை. கருவிகள் மாறின, நெருக்குதல் மாறவில்லை.

வள்ளியம்மை திருமணத்தை நாம் அனைவரும் அறிவோம். திருகோணமலையின் தென் எல்லையில் வெருகல் சித்திர வேலாயுதர் ஆலயம் இருக்கிறது. கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை செல்வோர் அங்கே தங்கி, அந்த வேடர் குலமகளின் கதையைப் பேசிக்கொண்டே நடப்பர். முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டான், ஈற்றில் யானையைக் காட்டி அஞ்ச வைத்தான். கந்தபுராணப் படிப்பின்போது இந்த இடத்திற் சிரிக்காத அவையில்லை. ஆயினும் அது இறைவன் திருவிளையாடல். ஆட்கொள்வதற்காக அவன் ஆடியதை, கேட்பதற்காக நாம் ஆடலாகாது. அக்கதையிலும் தினைப்புனத்து விளையாட்டோடு காரியம் முடிந்துவிடவில்லை. வள்ளி முருகனை அறிந்து விரும்பிய பின்னரே நம்பிராசன் மனையில் மணம் நிகழ்கிறது.

இனி, அந்த இளைஞர் தெரிந்தெடுத்த இடத்துக்கு வருவோம். சுவாமி மலை 300 அடிக்கு மேல் நிமிர்ந்து கடலைப் பார்த்து நிற்கும் பாறை. உச்சியிலே கோணேசர் ஆலயம். ஆங்கிலேயர் அப்பாறை விளிம்புக்கு 'காதலர் பாய்ந்த இடம்' என்று பெயரிட்டு வழங்கினர். ஒல்லாந்தர் ஆட்சியின்போது, பிரான்சினா வான் ரீட் என்னும் பெண், தன்னை மணப்பதாகச் சொன்ன அதிகாரி கைவிட்டுக் கப்பலேறிச் சென்றதைக் கண்டு, அந்த விளிம்பிலிருந்து கடலிற் பாய்ந்து மாண்டாள் என்பது கதை. அங்கே கற்றூண் ஒன்றில் அவர் பெயரும், 1687ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆம் திகதியும் ஒல்லாந்த மொழியிற் பொறிக்கப்பட்டிருந்தமையே கதைக்கு ஆதாரம். ஆனால், ஒல்லாந்தர் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அவ்வம்மையார் பாயவுமில்லை, மாளவுமில்லை; அத்திகதிக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்ந்து மணமும் புரிந்திருக்கிறார்.

இதை அவ்விளைஞருக்குச் சொன்னேன். "தம்பி, அந்தப் பெண் வாழ்ந்த வாழ்க்கையை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை, அவர் பாயாத பாய்ச்சலை ஊரெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது. பார்வையாளருக்கு வேண்டியது காட்சி. வாழப் போகிறவருக்கு வேண்டியது வேறு. உமது திட்டத்திலே பார்வையாளருக்கு எல்லாம் இருக்கிறது; அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?"

அவர் தலை குனிந்திருந்தார். நான் மேலும் ஒன்று கேட்டேன். "நடுக்கடலிற் கேட்கிறீர். அவர் 'இல்லை' என்று சொல்ல விரும்பினால், அல்லது 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்ல விரும்பினால், எழுந்து எங்கே போவார்?"

அதற்கு அவரிடம் விடையில்லை.

நேயர்களே, இந்தக் கேள்வியின் அருமையை நான் என் வாழ்விலே கற்றேன். அதைச் சொல்வது இப்பொருளுக்கு உதவும் என்பதாற் சொல்கிறேன். 1990களின் நடுப்பகுதியில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எனக்கு மணம் பேசினர். சாதகம் பொருந்திற்று. தந்தையார் இசைந்தார், தாயார் இசைந்தார், மாமன்மார் இசைந்தனர். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பது எவர் நினைவிலும் இல்லை. உண்மையைச் சொல்வதானால், என் நினைவிலும் இல்லை. அப்போதுதான் மணமகனாகக் குறிக்கப்பட்டவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால் ஒழுங்காகச் செல்லாத நாட்கள் அவை. எழுதிப் பல நாள் கழித்தே அது என் கைக்குக் கிட்டியது. அதில் எழுதியிருந்தது இவ்வளவே: பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உமது முடிவை நான் அறிய விரும்புகிறேன். விருப்பமில்லையானால் இதற்குப் பதில் எழுத வேண்டாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு, மறுத்தவன் நானே என்று என் வீட்டிற் சொல்லிவிடுகிறேன். உமக்கு ஒரு பழியும் வராது.

என் வாழ்வில் நான் கண்ட வியப்புகளுள் அதற்கு இணையானது வேறொன்றில்லை. பூவில்லை, மோதிரமில்லை, வாத்தியமில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பதே வியப்பு. மறுப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அந்தக் கதவின் பாரத்தைத் தாமே தாங்குவதாகச் சொன்னாரே, அது அதனினும் பெரிய வியப்பு. பதில் எழுதாவிட்டால் மறுப்பு என்று பொருள், தபாலோ நம்பத்தக்கதன்று. ஆகவே ஒரே பதிலை இரண்டு கடிதமாக எழுதி, ஒன்றைத் தபாலிலும் மற்றொன்றை அத்திசை நோக்கிப் போன உறவினர் ஒருவர் கையிலும் அனுப்பினேன். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டும் சென்று சேர்ந்தன. இன்றும் என் கணவர் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவதுண்டு.

நம்மிடையே திருமணச் சடங்குகள் எல்லாவற்றிலும் உடன்பாடு கேட்கப்படத்தான் செய்கிறது. தேவாலயத்திலே குருவானவர் இருவரையும் தனித்தனியே வினவுகிறார். இஸ்லாமியத் திருமணத்தில் மணமகன் மஹர் கொடுப்பதோடு, மணமகளின் சம்மதத்தையும் மார்க்கம் வலியுறுத்துகிறது. கலியாண எழுத்தின்போது பதிவாளர் முன்னிலையில் இருவரும் வாயாற் கூறிக் கையொப்பமிடுகின்றனர். ஆனால் எப்போது கேட்கப்படுகிறது? பந்தலிட்டு, பொன்னுருக்கி, கூறை எடுத்து, ஊரை அழைத்து இருத்திய பின்னர். அந்த வேளையில் 'இல்லை' என்று சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! ஆகவே மெய்யான கேள்வி அதற்கு வெகு முன்னரே, அமைதியான ஓரிடத்திலே கேட்கப்பட்டிருக்க வேண்டும். காதலித்து மணப்பவர்க்கும் இது பொருந்தும். பெரியோர் பேசி மணப்பவர்க்கும் இது பொருந்தும்.

இனி வியப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வியப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வியப்பு கேட்கும் விதத்தில் இருக்கலாம். கேள்வியில் இருத்தல் கூடாது. இருவரும் எங்கே வாழ்வது, யார் பெற்றோரை யார் பேணுவது, உத்தியோகம் தொடர்வதா என்பனவற்றை முன்னமே பலமுறை பேசியிருந்தால், கேள்வி வருவது இருவரும் அறிந்ததே. வரும் நாளும் வழியும் மட்டுமே வியப்பு. அவற்றை ஒருபோதும் பேசாமல், ஒருநாள் திடீரெனக் கேட்டால், அது வியப்பன்று, திகைப்பு.

செலவிலும் வியப்பில்லை. வைர மோதிரம் இல்லாமற் கேட்கலாகாது என்று எண்ணும் இளைஞர் இன்று உளர். வைரம் என்றும் நிலைப்பது என்ற பொருளில் 1947ஆம் ஆண்டு டி பியர்ஸ் கம்பனிக்காக எழுதப்பட்ட விளம்பர வாசகம் அந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பிற்று. அதனை எழுதிய பிரான்சிஸ் ஜெரட்டி என்னும் பெண்மணி, தாம் மணம் புரியாமலே வாழ்ந்தவர். தாயாரின் காப்பை அடகு வைத்து வாங்கும் மோதிரம், மணமான பின் இருவரும் சேர்ந்து கட்ட வேண்டிய கடன் என்பதை மறத்தலாகாது.

அப்படியாயின் வியப்பு எதில் இருக்கிறது? ஒருவர் நம்மை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பதைக் காணும்போது தோன்றுவதே உண்மையான வியப்பு. நாமே மறந்துவிட்ட நம் சிறு விருப்பம் ஒன்றை மற்றொருவர் நினைவில் வைத்திருக்கக் காண்பதைக் காட்டிலும் நெஞ்சைத் தொடுவது வேறு யாது?

"அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று அந்த இளைஞரைக் கேட்டேன். நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். "புத்தகம்" என்றார். பின்னர் சிறிது நாணத்தோடு மற்றொன்றையும் சொன்னார். பாடசாலைக் காலத்தில், நூலகத்திலிருந்து அப்பெண் எடுத்துப் படித்துத் திருப்பிய நூல்களையே இவரும் தேடி எடுப்பாராம். பல நூல்களை முழுவதும் படிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். பதிவேட்டில் தம் பெயர் அவர் பெயருக்குக் கீழே வர வேண்டும் என்பதே நோக்கமாம்.

ஒரு கிழமை கழித்து மீண்டும் வந்தார். பழைய நூலகப் பதிவேடுகள் இருக்கின்றனவா என்று கேட்டார். இருந்தன. பிறர் பெயர்கள் உள்ள பதிவேட்டை வெளியே கொடுப்பது முறையன்று. ஆகவே அலுவலகத்தில் என் எதிரே இருந்து, தம் பெயரும் அவர் பெயரும் அடுத்தடுத்து வரும் இடங்களை மட்டும் எழுதிக்கொள்ள இசைந்தேன். இரண்டு மாலைப் பொழுதுகள் இருந்து எழுதினார். பின்னர் வெறும் அப்பியாசக் கொப்பி ஒன்றை வாங்கி, பதிவேட்டைப் போலவே நிரல்கள் கீறி, நூலின் பெயர், அவர் எடுத்த திகதி, தாம் எடுத்த திகதி, திருப்ப வேண்டிய திகதி என்று வரிசையாகப் பதிந்தார். தாம் அரைகுறையாகப் படித்தவற்றுக்கு எதிரே, 'முழுவதும் படிக்கவில்லை' என்று நேர்மையாகக் குறித்தார். கடைசி வரியில் நூலின் பெயர் இல்லை. அவருடைய கேள்வி இருந்தது. அதற்கெதிரே, திருப்ப வேண்டிய திகதிக்குரிய நிரலில், 'தவணை இல்லை' என்று எழுதியிருந்தார்.

அந்த இரு சொற்களைக் கண்டபோது, இனி இவருக்கு என் யோசனை வேண்டியதில்லை என்று உணர்ந்தேன்.

அதை அவர் கொடுத்தது சுவாமி மலையிலுமன்று, கடலிலுமன்று. அப்பெண்ணின் வீட்டு விறாந்தையில், தாயார் உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த வேளையில், வாசித்துப் பாரும் என்று கையிற் கொடுத்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். படம் பிடிக்க ஒருவருமில்லை. அவர் விரும்பினால் கொப்பியை மூடி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போகலாம். அவர் வீடு, அவர் கதவு.

ஒன்பது நாள் பதில் வரவில்லை. அந்த ஒன்பது நாளில் இளைஞர் இரண்டு முறை என்னிடம் வந்தார். "ரீச்சர், ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். "தவணை இல்லை என்று எழுதியவர் நீர்தானே" என்றேன். பேசாமற் போனார்.

பத்தாம் நாள் கொப்பி திரும்பி வந்தது. அவர் கேள்விக்குக் கீழே மற்றொரு வரி புதிதாக எழுதப்பட்டிருந்தது. அதுவும் ஒரு கேள்வியே. கடற்கரையோரம் அல்லாமல், உள்ளே கன்னியாப் பக்கம் வீடு அமைத்து வாழ உமக்குச் சம்மதமா? அதற்கெதிரே, திகதிக்குரிய நிரலில், அதே இரு சொற்கள்: தவணை இல்லை.

கடலை நம்பி வாழ்பவருக்கு அது எளிய கேள்வியன்று. பிறந்தது முதல் அலையோசை கேட்டே உறங்கியவர். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பவும் நெடுவழி. அவரும் உடனே விடை கூறவில்லை; சில நாள் எடுத்துக்கொண்டார். அதை நான் குறையாகக் கருதவில்லை. கேட்கப்பட்டவர் யோசிக்க உரிமை உடையவர் என்றால், அந்த உரிமை இருவருக்கும் உரியதன்றோ?

அதன் பின்னர் தாயும் தந்தையும் வெற்றிலைத் தட்டத்தோடு முறைப்படி பெண் கேட்டுச் சென்றனர். வருகிற தை மாதத்திற் பொன்னுருக்கு என்று எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. கன்னியாப் பக்கம் ஒரு காணியில் கிணறு வெட்டத் தொடங்கியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.